ஸ்பானரால் ஏறாத விலை

பழைய காரை மலிவாக வாங்கி, சரிசெய்து, நல்ல விலைக்குத் தள்ளிவிடலாம் என்ற ஆசை சிங்கப்பூரின் மார்சிலிங்வாசிக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் சுலபமாகவே வரும். தொழிற்பேட்டை பக்கத்தில் இருக்கிறது. காஸ்வேயைத் தாண்டினால் ஜோகூர், அங்கே கூலி மலிவு. வண்டி வேலை தெரிந்த ஆட்களுக்கும் நம்மிடையே குறைவில்லை. இத்தனையும் கைவசம் இருக்கும்போது இது நல்ல தொழிலாக அமையுமா?

சென்னையில் அமையும். புதுப்பேட்டையில் உதிரிபாகம் தேடிப் பிடித்து ஒரு பழைய மாருதியை ஓடவைக்கும் மெக்கானிக், அதன் விலையையே ஏற்றிவிடுகிறார். அங்கே பழைய காரின் விலை பெரும்பாலும் அதன் உடல்நிலையைப் பொறுத்தது. சிங்கப்பூரில் விலையின் பெரும்பகுதிக்கும் இன்ஜினுக்கும் சம்பந்தமே இல்லை.

1990 மே மாதம் வாகன ஒதுக்கீட்டு முறை வந்ததிலிருந்து, புதுக் காருக்குப் பத்தாண்டு செல்லும் சிஓஇ சான்றிதழை ஏலத்தில் எடுக்க வேண்டும். அதற்கு மேல், காரின் பொதுச் சந்தை மதிப்பை வைத்துக் கூடுதல் பதிவுக் கட்டணம். முதல் 20,000 வெள்ளிக்கு அது 100 விழுக்காடு. பத்து வயது ஆவதற்குள் பதிவை ரத்துசெய்தால் அந்தக் கட்டணத்தில் ஒரு பங்கும், சிஓஇ-யில் மீதமுள்ள காலத்துக்கான தொகையும் திரும்பக் கிடைக்கும். இரண்டையும் சேர்த்து வியாபாரிகள் 'பேப்பர் வேல்யூ' என்பார்கள்.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒன்பது வயது முடிந்த சின்னக் கார். சந்தை மதிப்பு 20,000, கட்டணமும் 20,000. அதில் பாதி, 10,000 வெள்ளி திரும்ப வரும். சிஓஇ 40,000-க்கு எடுத்தது என்றால் மிச்சமுள்ள ஓராண்டுக்கு 4,000. ஆக, பேப்பர் மட்டும் 14,000. இந்தக் கார் 17,500-க்கு விற்பனைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்பானர் தொடக்கூடிய பகுதி 3,500 வெள்ளிதான். ஏர்கானை மாற்றுங்கள், பெயின்ட் அடியுங்கள், கிரூமிங் செய்து சீட்டைப் புதிது போலாக்குங்கள். 14,000-இல் ஒரு காசு கூடாது. வாங்குபவரும் முதலில் 'டெப்ரி', அதாவது வருடத்துக்கு எவ்வளவு தேய்மானம் என்றுதான் கேட்பார். இன்ஜின் சத்தத்தைக் கேட்பது அதற்குப் பிறகு.

போதாததற்கு அந்த 14,000 நாளுக்கு நாள் குறைகிறது. மேற்படி காரில் சிஓஇ மட்டும் ஒரு நாளுக்கு 11 வெள்ளி கரையும். 2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கான சிஓஇ 106,000-ஐத் தொட்டது. அந்த விலைக்கு எடுத்த கார் ஒர்க்‌ஷாப்பில் சும்மா நிற்கும் ஒவ்வொரு நாளும் 29 வெள்ளி போகிறது. உதிரிபாகம் வர இரண்டு வாரம் ஆகும் என்றால், அந்தத் தாமதத்துக்கே ஒரு விலை இருக்கிறது. சாலை வரி, காப்புறுதி, வீவக கார் நிறுத்துமிடத்துக்கு மாதக் கட்டணம் எல்லாம் தனி. அந்த நிறுத்துமிடத்தில் வைத்து வண்டி வேலை பார்க்கவும் முடியாது. கைமாறிய எண்ணிக்கையும் விளம்பரத்தில் தெரியும். நீங்கள் வாங்கியதால் கூடிய ஒரு கை விலையைச் சற்றுக் கீழே இழுக்கும்.

ஜோகூருக்குக் கொண்டுபோய் வேலை பார்க்கலாம் என்பது மார்சிலிங்காரரின் துருப்புச் சீட்டு. கூலியில் நிச்சயம் மிச்சம் உண்டு. ஆனால் அந்த மிச்சமும் அதே 3,500-க்குள்தான் வந்து விழுகிறது. போகும்போது முக்கால் டேங்க் பெட்ரோல் வேண்டும். மலேசியாவின் வாகன நுழைவு அனுமதி இல்லையென்றால் 2025 ஜூலை 1 முதல் 300 ரிங்கிட் அபராதம். கையில் சில நாள் மட்டும் இருக்கப்போகும் காருக்கு அந்த அனுமதி எடுப்பதெல்லாம் வேண்டாத வேலை.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பேப்பர் வேல்யூ ஒரு தரை மாதிரி. வேறு ஊரில் இன்ஜின் செத்தால் போட்ட பணம் மொத்தமும் போச்சு. இங்கே பதிவை ரத்துசெய்தாலே பெரும்பகுதி கைக்கு வரும். முழுகிப்போக மாட்டீர்கள் என்பது உண்மைதான். ஆனால் முழுகாத அந்தப் பகுதியில் சம்பாதிக்கவும் வழியில்லையே!

'சிலர் கொழுத்த லாபம் பார்த்தார்களே' என்பார்கள். பார்த்தார்கள். 2020-இன் தொடக்கத்தில் சிறிய கார்களின் சிஓஇ 40,000-க்குள் இருந்தது. அப்போது பழைய கார் வாங்கி இரண்டு மூன்று வருடம் கழித்து விற்றவர்களுக்கு, புதுக் கார் எட்டாத விலைக்குப் போனதால் காசு வந்தது. போனட்டைத் திறக்காதவருக்கும் வந்தது. 2008 நவம்பரில் அதே சான்றிதழ் 2 வெள்ளிக்கு விழுந்தது. அப்போது பழைய காரைக் கையில் வைத்திருந்தவர் எவ்வளவு திறமையான மெக்கானிக்காக இருந்திருந்தால்தான் என்ன? பத்து வயதுக் காருக்கு சிஓஇ-ஐ ஐந்தாண்டு புதுப்பித்து விற்பதும் இதே ஆட்டம்தான். அதில் பதிவுக் கட்டணத்தில் திரும்ப வரவேண்டிய பங்கை முதலிலேயே இழக்கிறீர்கள். ஆண்டுதோறும் பரிசோதனை, சாலை வரியில் 10 விழுக்காட்டில் தொடங்கி 50 வரை ஏறும் கூடுதல் சுமை என்று வண்டியும் விற்கக் கடினமாகிறது.

பெரிய வியாபாரிகள் பிழைப்பது எண்ணிக்கையால். கடனுக்கும் காப்புறுதிக்கும் கிடைக்கும் தரகால். ஒற்றைக் காரை வைத்திருப்பவருக்கு அந்த வருமானம் கிடையாது. தொழிலாக விற்க ஆரம்பித்தால் 2012 செப்டம்பரில் வந்த 'லெமன்' சட்டமும் கூடவே வரும். ஆறு மாதத்துக்குள் தெரியவரும் பழுது, விற்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். ஒன்பது வயதுக் காருக்கு அந்தப் பொறுப்பை ஏற்பது, 3,500-க்குள் கிடைக்கும் லாபத்துக்குத் தகாது.

எனவே என் தீர்ப்பு: வாங்கி விற்கும் தொழிலாக இது தேறாது. சிஓஇ ஏறும் என்று பந்தயம் கட்டுபவர் கட்டட்டும். அதைக் கைத்தொழில் என்று மட்டும் சொல்ல வேண்டாம். கைத்திறன் உள்ளவருக்கு வேறொரு கணக்கு உண்டு. பழுது பார்க்கும் செலவுக்குப் பயந்து மற்றவர்கள் ஒதுக்கும் காரை, பேப்பர் வேல்யூவை ஒட்டிய விலைக்குப் பேசி வாங்கி, தானே பராமரித்து, சான்றிதழ் முடியும்வரை தானே ஓட்டினால், அடுத்தவர் ஒர்க்‌ஷாப்புக்குக் கொடுக்கும் பணம் அவர் பையிலேயே நிற்கும். வாங்கும் முன் ஒரு பரிசோதனை மையத்தில் காரைக் காட்டிவிடுவது நல்லது. பேப்பருக்கு மேல் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு என்றால் வாங்கலாம். மூவாயிரம் கேட்டால் பேரம் பேசக்கூட நிற்க வேண்டாம்.