கிளிக்குப் பேர் இருக்கிறது

கடற்கொள்ளையன் என்றதும் தோளில் கிளியோடு ஒற்றைக்கால் ஆள் ஒருவன் கண்முன் வந்து நிற்கிறான். ஆர்.எல். ஸ்டீவன்சன் 1883இல் நூலாகக் கொண்டுவந்த ‘புதையல் தீவு’ நாவலின் லாங் ஜான் சில்வர்தான் அவன். கிளியின் பேர் கேப்டன் பிளின்ட். செத்துப்போன கொள்ளைத் தலைவனின் பேர். கிளிக்கு வரலாறும் உண்டு. வயசு இருநூறு இருக்கும், மடகாஸ்கரும் மலபாரும் பார்த்தது, கோவாக் கப்பலைக் கொள்ளையடித்தபோது கூடவே இருந்தது என்கிறான் சில்வர். ஓயாமல் அது கத்துவது ஸ்பானிய வெள்ளி நாணயத்தின் பேரை. அந்த வெள்ளியில் கணிசமான பங்கு, இன்றைய பொலிவியாவின் பொதோசி மலையில் பூர்வகுடிகளைக் கட்டாய வேலைக்கு இழுத்துவந்து தோண்டியது. கிளிக்கு நாணயம் தெரியும், தோண்டியவனைத் தெரியாது.

சில்வருக்கு மனைவி இருக்கிறாள். கறுப்பினப் பெண். பள்ளியில் நான் படித்த சுருக்கப் பதிப்பில் இவள் இல்லவே இல்லை, கிளி இருந்தது. எம்.ஏ. படிக்கும்போது முழு நூலை எடுத்த பிறகுதான் கண்டேன். சில்வர் கப்பலேறியதும் அவனுடைய சாராயக்கடையைப் பார்த்துக்கொள்பவள் இவள். கடை விலைபோன பிறகு மொத்தப் பணத்தோடும் அவனைச் சந்திக்கப் புறப்படுபவளும் இவள்தான். ஆனால் நாவல் முழுக்க இவளுக்குப் பேர் கிடையாது. ஒரு வார்த்தை பேசவும் விடவில்லை. கடைசிப் பக்கத்திலும் நிறத்தைச் சொல்லித்தான் குறிப்பிடுகிறார்கள். அதே பக்கத்தில் கடைசியாகக் கேட்கும் குரல் கிளியினுடையது.

இந்தக் கிளி ராபின்சன் குரூசோவிடமிருந்து வந்ததுதான் என்று ஸ்டீவன்சனே 1894இல் ஒரு கட்டுரையில் ஒத்துக்கொண்டார். டேனியல் டெஃபோ 1719இல் எழுதிய அந்த நாவலில், அடிமைகளை வாங்கப் போகிற வழியில்தான் குரூசோவின் கப்பல் உடைகிறது. ஒதுங்கிய தீவில் கிளியைப் பிடித்துத் தன் பேரைச் சொல்லப் பழக்குகிறான். பிறகு பூர்வகுடி இளைஞன் ஒருவன் வந்து சேர்கிறான். அவனுக்கு வெள்ளிக்கிழமை என்று பேர் வைத்து, தன்னை ‘எசமான்’ என்று கூப்பிடப் பழக்குகிறான். கிளி பேரைச் சொல்லலாம், மனுஷன் சொல்லக்கூடாது.

எங்களுக்கு இது புதுசா? பண்ணை வீட்டுப் பொடியனையும் ‘சாமி’ன்னு கூப்பிட்டவள் என் பாட்டி. அந்தப் பொடியன் அவளை ‘ஏய்’ என்பான்.

கதையில் கிளி எப்படிப் பேசுகிறது என்று ரசிக்கத்தான் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். நான் கேட்பது வேறு. கடையைக் காத்து, காசைச் சுமந்துகொண்டு போன அந்த அம்மாவோட பேர் என்ன?