மாந்தாதாவுக்குப் பாலூட்டியவர் யார்?

பழையதொரு பொருளைக் கண்டால் ‘மாந்தாதா காலத்தது’ என்று சொல்லிச் சிரிப்பது தமிழர் இல்லங்களில் இன்றும் உள்ள வழக்கு. ஓடாத சுவர்க்கடிகாரம், கைப்பிடி கழன்ற குடை, எம்மைப் போன்ற எழுத்தர்கள் நாள்தோறும் நிரப்பும் சில படிவங்கள் ஆகிய யாவும் அம்மன்னன் காலத்தவை என்பது நம் முடிபு. ஆனால் அம்மாந்தாதா ஓர் ஆடவன் வயிற்றில் வளர்ந்து பிறந்தவன் என்பதை நினைப்பவர் சிலரே. அவன் பிறந்த வேளையில் எழுந்த ஒரு வினாவுக்குக் கிடைத்த விடையே அவனுக்குப் பெயராயிற்று என்பதை அறிந்தவர் அவரினும் சிலர்.

பாரதத்து வன பருவத்தில் உரோமச முனிவர் தருமனுக்கு யமுனையைக் காட்டி, மாந்தாதா வேள்வி செய்த இடம் இது எனக் கூற, அவன் வரலாற்றைச் சொல்லுமாறு தருமன் வேண்டுகிறான். மகப்பேறில்லாத யுவனாசுவ மன்னன் காட்டில் தவம் புரிகிறான். ஓரிரவு தாகம் தாங்காமல் முனிவர் ஆசிரமத்துள் நுழைந்து, குடத்திலிருந்த நீரைப் பருகிவிடுகிறான். அது அவன் மனைவி பருகிக் கருவுறுவதற்காக மந்திரம் ஓதி வைத்த நீர். விழித்தெழுந்த முனிவர் அவனைச் சபிக்கவில்லை. பருகியவன் நீயாதலால் பெறவேண்டியவனும் நீயே என்கிறார். நூறாண்டு சென்றபின் மன்னனின் இடப்பக்கம் பிளந்து குழந்தை வெளிப்படுகிறது. மன்னன் இறக்கவில்லை.

நம் கதாகாலட்சேபக்காரர்கள் பெரும்பாலும் இங்கே நின்றுவிடுவர். வயிறு பிளந்த அற்புதத்திற்கு ஒரு ‘ஆகா’ பெற்றுக்கொண்டு அடுத்த கதைக்குப் போய்விடுவர். மூலமோ இவ்விடத்தில்தான் விழித்துக்கொள்கிறது. அங்குக் கூடிய தேவர்கள், இவன் ஆணா பெண்ணா, இது முறையா முறையன்றா என்று கேட்கவில்லை. இக்குழந்தை எதைப் பருகும் என்று கேட்டனர். இந்திரன் தன் சுட்டுவிரலைக் குழந்தையின் வாயில் வைத்து, என்னைப் பருகும் என்றான். வடமொழியில் அவன் சொன்ன சொல்லே மாந்தாதா என்றாயிற்று. பெற்றவன் உடலைப் பற்றிய வியப்பைவிடப் பிறந்த குழந்தையின் பசியைப் பெரிதாக மதித்த இக்கதையை நாம் வெறும் விந்தையாகச் சுருக்கிவிட்டோம் என்பதே எமது முதற்குறை.

சோழர்கள் இப்பிறப்பை மறைத்தற்குரியதாகக் கொள்ளவில்லை. முதலாம் இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேடு தன் குலமுறையில் யுவனாசுவனையும் மாந்தாதாவையும் முசுகுந்தனையும் வரிசையாக வைத்திருக்கிறது. திருவாரூர்த் தியாகேசரோடு இணைத்து நாம் போற்றும் பெயரே அந்த முசுகுந்தன். அரச ஆவணத்தில், செம்பில் வெட்டிய எழுத்தில், ஆணுக்குப் பிறந்தவனின் மரபு என்ற நாணமின்றி ஏறிய பெயர்கள் அவை.

இவை யாவும் புராணம் என்று ஒதுக்குவார்க்கு 2023ஆம் ஆண்டின் செய்தியொன்றை நினைவூட்டுவோம். அவ்வாண்டு பிப்ரவரி 8ஆம் நாள் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் திருநம்பி ஒருவர் அறுவை மருத்துவத்தின் வழியே குழந்தை பெற்றார். அவர்தம் துணைவர் திருநங்கை. பெண்ணுடலோடு பிறந்து ஆணாக வாழ்பவர் அவர். மார்பகம் நீக்கப்பெற்றிருந்தது, கருப்பை நீக்கப்பெறவில்லை. ஆண்மைச் சுரப்புமருந்து மாதவிலக்கை நிறுத்தினும் கருப்பையையும் சினைப்பையையும் அழித்துவிடுவதில்லை. ஆதலின் அம்மருந்தை நிறுத்தினால் கருவுறும் ஆற்றல் மீள்வதுண்டு. தம் உடலை ஆணுடலாக ஆக்கிக்கொள்ளும் நெடும்பயணத்தில் பாதிவழி நின்று, தாம் விட்டுவிலக எண்ணிய உறுப்பினாலேயே ஒரு பிள்ளையைப் பெறுவது எத்தகைய முடிவு என்பதை எண்ணிப் பார்க்கலாம். யுவனாசுவன் அறியாமல் பருகினான். இவர் அறிந்தே செய்தார்.

பத்திரிகைகளோ காலட்சேபக்காரர்களைப் போலவே வயிற்றைத்தான் படம் பிடித்தன. ஆயினும் செய்திகளின் கடைசிப் பத்தியில் ஒரு சிறு குறிப்பு இருந்தது: மருத்துவக் கல்லூரியின் தாய்ப்பால் வங்கியிலிருந்து குழந்தைக்குப் பால் பெறப்போவதாக அவ்விணையர் சொல்லியிருந்தனர். தேவர்கள் கேட்ட அதே வினா. இந்திரன் விரலுக்கு மாற்றாக முகமறியாத தாய்மார் பலர் ஈந்த பால். அதைத் தலைப்பாக்கியிருந்தால் அச்செய்தி இலக்கியமாகியிருக்கும்.

இக்காலத்தில் இக்கதையை விரித்தெழுதியவர் தேவதத்த பட்டநாயக். ‘கருவுற்ற மன்னன்’ எனப் பொருள்படும் பெயரோடு 2008இல் ஆங்கிலத்தில் வந்தது அவர் நாவல். மன்னன் தன்னையே நோக்கி, நான் தந்தையா, தாயா, யார் என்று கேட்கும் இடத்தில் ஆசிரியர் வெற்றி பெறுகிறார். அவ்வினாவை மூலம் எழுப்பவேயில்லை. எனினும் சிகண்டி, பெண்வேடம் பூண்ட அருச்சுனன், மனைவியாக மாறிய அந்தண இளைஞன் என எத்தனையோ கதைகளை ஒரே நூலில் அடைத்திருப்பதால், யுவனாசுவனின் துயரம் திருவிழாக் கூட்டத்தில் கைநழுவிய குழந்தை போல் ஆகிவிடுகிறது. ஒருவன் வருத்தத்தை உணர்த்த அவனைப் போன்றார் பதின்மரை நிறுத்தவேண்டுவதில்லை. அவன் ஒருவனோடு கூடவே நடந்திருந்தால் போதும்.

இராமாயண உத்தர காண்டத்து இலன் கதை இதற்கு மாறானது. ஒரு திங்கள் ஆணாகவும் ஒரு திங்கள் பெண்ணாகவும் வாழும் அம்மன்னன் பெண்ணாயிருந்த காலத்தில் புதனோடு கூடிப் புரூரவனைப் பெறுகிறான்; சந்திரகுலம் அப்பிள்ளையிலிருந்து பெருகுகிறது. ஆனால் ஆணாகும் திங்களில் பெண்ணாயிருந்த நினைவு அவனுக்கு அற்றுப்போகும் என்று வரம் அமைந்துவிட்டது. இதனைக் கவிநயம் என்று பாராட்டுவார் உளர். எமக்கு அது கொடுமையாகவே படுகிறது. பெற்ற நினைவைப் பறித்துக்கொண்டு பிள்ளையை மட்டும் குலத்திற்கு வைத்துக்கொள்ளும் ஏற்பாடன்றோ அது?

தமிழ் நாட்டில் இப்பொருள் வேறொரு வழியில் நடந்தது. கூத்தாண்டவர் வழிபாட்டால் கூவாகத்துத் தாலியும் மறுநாள் கைம்மையும் நாடறிந்த காட்சிகள். மணம் உண்டு, இழப்பு உண்டு, மகவு இல்லை. நிர்வாணம் எனப்படும் அறுவைக்குப்பின் தம் வயிற்றாலோ விந்தாலோ பிள்ளை பெற இயலாத திருநங்கையர், உறவைத் தாமே படைத்துக்கொண்டனர். நாமக்கல் பகுதியிலிருந்து டில்லிக்கு வந்து வாழ்ந்த அ. ரேவதியின் ‘வெள்ளை மொழி’ (2011) இவ்வுறவின் உள்ளறைகளைக் காட்டும் தன்வரலாறு. இன்று நம் நகர்ப்பேருந்தில் கைதட்டி வருபவர்க்கும் ஒரு குருவும், குருவின் குருவான நானியும் உண்டு என்பதை அந்நூலைப் படித்தபின் மறக்கவியலாது. ஐதராபாத்து ஹிஜ்ராக்களைப் பற்றி 2005இல் நூலெழுதிய காயத்ரி ரெட்டி, அவர்களிடையே ‘தூத் பேட்டி’, அதாவது பால்மகள் என்றோர் உறவு சடங்கால் ஏற்படுவதைக் குறித்திருக்கிறார். கருப்பை இல்லாவிடத்தும் தாய்மைக்கு அடையாளமாக அவர்கள் தேர்ந்துகொண்டது பாலையே என்பது நோக்கத்தக்கது.

இனிப் படிவத்திற்கு வருவோம். எழுத்தனாகிய எமக்கு அதனைத் தாண்டிச் செல்ல இயலாது. மத்திய அரசின் 1972ஆம் ஆண்டு விடுப்பு விதிகளில் 180 நாள் மகப்பேற்று விடுப்பைக் கூறும் விதி ‘பெண் அரசு ஊழியர்’ என்றே தொடங்குகிறது. யுவனாசுவன் எம் பிரிவில் பணியாற்றியிருப்பின் அவன் விண்ணப்பத்தை எந்தக் கோப்பில் சேர்ப்பது என்று குறிப்பெழுதியே நூறாண்டும் கழிந்திருக்கும். கோழிக்கோட்டுக் குழந்தைக்கு வழங்கிய பிறப்புச் சான்றிதழில் கருவுற்றுப் பெற்ற திருநம்பி ‘தாய்’ என்றும், திருநங்கை ‘தந்தை’ என்றும் குறிக்கப்பெற்றனர். அதாவது, இருவரும் தம் வாழ்நாளெல்லாம் போராடித் துறந்த பெயர்களையே குழந்தையின் முதல் ஆவணம் அவர்கள் தலையில் திரும்ப ஏற்றியது. பள்ளியிலும் கடவுச்சீட்டிலும் அக்குழந்தை சொல்லும் ஒவ்வொரு விடையும் வீட்டில் தான் அழைக்கும் முறைக்கு முரணாக நிற்கும். அவ்விணையர் உயர்நீதிமன்றம் சென்றனர். 2025 ஜூன் திங்களில் கேரள உயர்நீதிமன்றம், தந்தை, தாய் என்னும் கட்டங்களை விடுத்து இருவரையும் ‘பெற்றோர்’ என்றே குறித்துச் சான்றிதழ் வழங்குமாறு ஆணையிட்டது.

நம் மொழி இவ்விடத்தில் நமக்குத் துணைநிற்கிறது. பெற்றோர் என்னும் சொல் ஆண்பாலும் அன்று, பெண்பாலும் அன்று, பலர்பால். பால்திரிந்தார்க்குத் தனி ஈறு இல்லை எனவும், உயர்திணை ஈறுகளே அவர்க்கு வரும் எனவும் தொல்காப்பியர் கிளவியாக்கத்தின் தொடக்கத்திலேயே கூறிவிட்டார். 2019 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, தூத்துக்குடித் திருமணம் ஒன்றைப் பதிவுசெய்ய ஆணையிட்டபோது ‘மணமகள்’ என்ற சொல் திருநங்கையையும் உள்ளடக்கும் என்று கொண்டது. நல்ல உரையாசிரியர் செய்யும் பணி அதுவே.

பெயர்க்கட்டம் வெறும் சடங்கன்று என்பதைப் பாரதத்து அனுசாசன பருவம் நன்கறியும். பங்காசுவன மன்னன் கதை அங்கு வருகிறது. வில்லிபுத்தூரார் சௌப்திக பருவத்தோடு நிறுத்திவிட்டமையால் அவர் பாரதம் பயின்றார்க்கு இது கிட்டாது. ஆணாய் நூறு மைந்தரைப் பெற்ற அம்மன்னன், இந்திரன் சினத்தால் பொய்கையில் மூழ்கிப் பெண்ணாகி, காட்டில் தவசி ஒருவரோடு வாழ்ந்து மேலும் நூறு மைந்தரைப் பெறுகிறாள். இருநூற்றுவரையும் ஒரே அரசில் கூடிவாழச் செய்கிறாள், அவரும் வாழ்கின்றனர். இந்திரன் அதனைக் குலைக்க ஆயுதம் எடுக்கவில்லை. நீங்கள் மன்னன் பிள்ளைகள், அவர்கள் தவசியின் பிள்ளைகள், அரசு யாருடையது என்று ஒரு சொல் சொன்னான். ஒரே உயிர் பெற்ற இருநூற்றுவரும் தம்முள் பொருது மடிந்தனர்.

மனம் இரங்கிய இந்திரன், எந்த நூற்றுவரை எழுப்ப என்று கேட்கிறான். பெண்ணாய்ப் பெற்றவரை என்கிறாள் அவள். அவ்வன்பே மிகுதி என்கிறாள். இக்கதையை எடுத்தாள்வோர் ஆண், பெண் இருவருள் இன்பம் யாருக்கு மிகுதி என்ற தருமனின் கேள்வியையே பிடித்துக்கொண்டு நகைப்பர். பிள்ளைகளின் பிணங்களுக்கு நடுவே நின்று ஒரு தாய் சொன்ன விடை அது என்பதை விட்டுவிடுவர். இந்திரன் இருநூற்றுவரையும் எழுப்பினான். மீண்டும் ஆணாக வேண்டுமா என்று கேட்டபோது, வேண்டாம், பெண்ணாகவே இருக்கிறேன் என்றாள். எழுந்த பிள்ளைகளுள் முதல் நூற்றுவர் அவளை என்னவென்று அழைத்தனர் என்பதைக் கவி சொல்லவில்லை.