மறக்கக் கற்பிக்கும் ஓராண்டு

பிரிட்டனில் கலையோ வடிவமைப்போ பட்டப் படிப்பாகப் படிக்க நினைப்பவர்களில் பலர், அதற்கு முன் ஓராண்டு ஃபவுண்டேஷன் வகுப்பில் சேர்கிறார்கள். கலைக் கல்வி பற்றி 1960இல் வந்த கோல்ட்ஸ்ட்ரீம் அறிக்கைக்குப் பிறகு வேர்விட்ட ஏற்பாடு இது. வெளிநாட்டு மாணவர்களுக்கென்று ஆங்கிலப் பயிற்சியோடு சேர்த்துத் தனியாகவும் நடத்துகிறார்கள்.

இதன் பெரிய பலம், உடனே முடிவெடுக்கச் சொல்லாதது. முதல் சில மாதங்கள் ஃபேஷன், கிராஃபிக்ஸ், சிற்பம், திரைப்படம் என்று மாணவர் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கிறார். ஃபேஷன்தான் என்று அடம்பிடித்து விமானம் ஏறியவர், கம்பியும் அட்டையும் கையில் வந்தபின் வேறு பக்கம் திரும்பலாம். இங்கிலாந்தின் பல கல்லூரிகளில் 19 வயதுக்குட்பட்ட உள்ளூர் மாணவர் கட்டணமின்றிப் படிக்கும் இந்த ஆண்டுக்கு, வெளிநாட்டுக் குடும்பம் முழுத் தொகை கட்டுகிறது. ஆனாலும் பட்டப் படிப்பின் நடுவில் மனம் மாறுவதைவிட இது மலிவு.

சிக்கல் இதன் பூர்வீகத்தில் இருக்கிறது. 1919இல் வைமர் நகரின் பௌஹவுஸ் பள்ளியில் யோஹன்னஸ் இட்டன் நடத்திய முன்வகுப்பின் நோக்கம், மாணவர் ஏற்கெனவே கற்றதை உதறவைப்பது. விக்டர் பாஸ்மோரும் ரிச்சர்ட் ஹாமில்டனும் ஹாரி தூப்ரனும் 1950களில் அந்தச் சிந்தனையைப் பிரிட்டிஷ் வகுப்பறைக்குள் கொண்டுவந்தார்கள். இட்டன் அகற்ற நினைத்தது அவரே நன்கறிந்த ஐரோப்பியக் கலைக்கழக மரபை. இன்றைய லண்டன் ஆசிரியர் தன் முன் நிற்கும் சீன மாணவியிடமிருந்து எதை அகற்றச் சொல்கிறார்? 1955 முதல் 1957 வரை பெய்ஜிங்கில் கற்பித்த சோவியத் ஓவியர் கான்ஸ்டன்டின் மக்சீமவ் வலுப்படுத்திய பயிற்சி அது. பென்சிலில் தலை, வண்ணத்தில் அசைவற்ற பொருள்கள், விரைவாக மனித உருவம் என்று நுழைவுத் தேர்வு வரை நீள்வது. கன்ன எலும்பின் மேல் நிழல் எங்கே திரும்புகிறது என்று மணிக்கணக்கில் பார்ப்பதும் சிந்தனைதான். “கை இருக்கிறது, சொந்தக் குரல் இல்லை” என்ற ஒரே தீர்ப்பில் அது கழிந்துபோகிறது.

இந்திய மாணவர் கதையில் ஒரு வேடிக்கை உண்டு. அலெக்சாண்டர் ஹன்டர் 1850இல் தொடங்கிய சென்னைப் பள்ளி உட்பட, காலனியக் கலைப் பள்ளிகள் பார்த்து வரைவதைப் பழக்கியதில் லண்டன் சவுத் கென்சிங்டன் பாடமுறைக்குப் பெரும் பங்கு. தான் ஏற்றுமதி செய்ததை மறக்கச் சொல்லித்தான் அந்த ஊர் இப்போது கட்டணம் வாங்குகிறது.

மாணவர் தன் தேடலைப் பதிவுசெய்யும் ஸ்கெட்ச் புக்கைப் பற்றி இன்னும் கறாராகவே சொல்ல வேண்டும். முடிந்த படைப்பைவிட அதற்குப் போன வழிக்கு மதிப்பெண் தருவது நல்ல எண்ணம். தடுமாறவும் துணிவு வரும். ஆனால் வழியே மதிப்பெண்ணானதும் மாணவர்கள் வழியைத் தயாரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். வேலையை முடித்துவிட்டுப் பின்னோக்கிப் பக்கங்களை நிரப்புவது, வேண்டுமென்றே நாலு தோல்விகளை ஒட்டிவைப்பது எல்லாம் நடக்கிறது. உள்ளூர்ப் பிள்ளைகளும் செய்வதுதான். வெளிநாட்டவர் இதைப் புதிய தேர்வின் விதியாகவே எடுத்துக்கொள்கிறார். ஊரில் தலை வரைந்தவர் இங்கே தேடலை வரைகிறார்.

படைப்பைச் சுவரில் மாட்டி எல்லோரும் பேசும் ‘கிரிட்’ அமர்வில் மௌனம் சிந்தனையின்மையாகப் படிக்கப்படுகிறது. ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு வரைபடத்தை விவரிக்கப் பழக்குகிறது. “இந்த ஓரம் கனக்கிறது” என்று அரை வாக்கியத்தில் தன் கருத்தை நிலைநிறுத்த அது பழக்குவதில்லை. முதலில் எழுதி, பிறகு இருவராகப் பேசி, அதன்பின் கூட்டத்துக்கு வரச் செய்யும் ஆசிரியர்களிடம் இதே மாணவர்கள் பேசுகிறார்கள்.

அப்படிப்பட்ட ஆசிரியர்களிடம் முதல் வாரத்தையும் ஒப்படைக்கலாம். ஒவ்வொரு மாணவரும் தன் ஊரில் வரையக் கற்ற விதத்தை மற்றவர்களுக்குச் சொல்லித்தரட்டும். ஆசிரியரும் உட்கார்ந்து வரையட்டும். இப்போது அந்த வாரம் பெரும்பாலும் நீண்ட குச்சியில் கரிக்கோலைக் கட்டிக் கிறுக்குவதில் போகிறது.