எண்ணுவோர் யார்? மோர்ட்டன் ஜெர்வனின் நூலும் வளரும் நாடுகளின் புள்ளிவிவர அமைப்புகளும்

முன்னுரை

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றும் மரபு நம்முடையது. எனினும், எழுத்தை நாம் ஆராயும் அளவிற்கு எண்ணை ஆராய்வதில்லை. ஏட்டுச்சுவடியொன்றில் ஒரு சொல் ஐயத்திற்குரியதாயின் பிற சுவடிகளோடு ஒப்பிட்டு, பாட வேறுபாடுகளைக் குறித்துக் கொள்கிறோம். உ.வே. சாமிநாதையரின் பதிப்புகள் நமக்குக் காட்டிய நெறி அது. ஆனால், ஒரு நாட்டின் தலா வருமானம் இவ்வளவு என்று உலக வங்கியின் அட்டவணை கூறுமாயின் அதனை அவ்வாறே எடுத்தாள்கிறோம். அந்த எண் எங்கே பிறந்தது, அதனை எண்ணியவர் யார், அவர் எண்ணாமல் விட்டது எது என்னும் வினாக்கள் பெரும்பாலும் எழுவதில்லை.

இவ்வினாக்களை ஆப்பிரிக்காவை முன்வைத்து எழுப்பியவர் நார்வே நாட்டுப் பொருளாதார வரலாற்றாசிரியர் மோர்ட்டன் ஜெர்வன். ‘புவர் நம்பர்ஸ்’ என்னும் அவருடைய நூலை 2013ஆம் ஆண்டில் கார்னெல் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. ஏழைகளைப் பற்றிய எண்கள் எனவும், தரம் குன்றிய எண்கள் எனவும் அத்தலைப்பை இருவகையாகப் பொருள்கொள்ளலாம். வளரும் நாடுகளின் தேசியப் புள்ளிவிவர அமைப்புகளை வலுப்படுத்துவது எவ்வாறு என்னும் விவாதத்தில் இந்நூலுக்குத் தனியிடம் உண்டு. அந்நூலின் வலிமையையும் அது நிறைவு செய்யாமல் விட்ட பகுதியையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

நூலின் வாதம்

முன்னுரை, முடிவுரை நீங்கலாக நான்கு இயல்களைக் கொண்ட சிறிய நூல் இது. நூலாசிரியர் கானா, நைஜீரியா, மலாவி, ஜாம்பியா முதலிய நாடுகளின் புள்ளிவிவர அலுவலகங்களுக்கு நேரில் சென்று, தேசிய வருமானம் எவ்வாறு கணிக்கப்படுகிறது என்பதைக் கேட்டறிந்தார். நூலின் தனிச்சிறப்பு இக்களப்பணியே எனலாம். 2010இல் அவர் ஜாம்பியாவுக்குச் சென்றபோது தேசியக் கணக்குப் பிரிவில் ஒரே ஓர் அலுவலரே எஞ்சியிருந்தார். ஒரு நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தி ஒரு மனிதரின் மேசையில் உருவாகிறது என்னும் செய்தி, பல பக்கக் கோட்பாட்டு விளக்கங்களைவிட ஆழமாகப் பதிகிறது.

நூலில் அடிக்கடி எடுத்தாளப்படும் சான்று கானாவினுடையது. 2010 நவம்பரில் அந்நாட்டின் புள்ளிவிவர அலுவலகம் தேசியக் கணக்கின் அடிப்படை ஆண்டை 1993இலிருந்து 2006க்கு மாற்றியது. அதன் விளைவாக மொத்த உள்நாட்டு உற்பத்தியின் மதிப்பு 60 விழுக்காட்டிற்கும் மேல் உயர்ந்தது. அந்நாள்வரை குறைந்த வருமான நாடாக எண்ணப்பட்ட கானா, நடுத்தர வருமான நாடுகளின் கீழ்ப்படிக்கு ஏறியது. கானா மக்கள் ஒரே இரவில் செல்வம் பெற்றுவிடவில்லை. அடிப்படை ஆண்டு என்பது எத்தொழிலுக்கு எவ்வளவு எடை தருவது என்பதை முடிவு செய்யும் சட்டகம் ஆகும். 1993ஆம் ஆண்டின் சட்டகத்தில் கைத்தொலைபேசித் தொழிலுக்கு உரிய இடம் இருந்திருக்க இயலாது. சட்டகம் பழையதாக இருந்தமையால் ஏற்கெனவே நாட்டில் நிகழ்ந்துகொண்டிருந்த பொருளியல் நடவடிக்கைகள் கணக்கிற்குள் வராமலே இருந்தன.

நூல் வெளிவந்த மறு ஆண்டே இதனினும் பெரிய சான்று ஒன்று கிடைத்தது. 2014 ஏப்ரலில் நைஜீரியா தன் அடிப்படை ஆண்டை 1990இலிருந்து 2010க்கு மாற்றியது. 2013ஆம் ஆண்டிற்கான மதிப்பு ஏறத்தாழ 89 விழுக்காடு உயர்ந்து 51,000 கோடி அமெரிக்க டாலரை எட்டியது. தென்னாப்பிரிக்காவை விஞ்சி, ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய பொருளாதாரம் என்னும் பெயரை நைஜீரியா பெற்றது. இவ்விரு நிகழ்வுகளுக்கும் முன்னர் அந்நாடுகளின் வளர்ச்சியைப் பற்றி எழுதப்பட்ட ஆய்வுகள் எத்தகைய அடித்தளத்தின்மீது நின்றன என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

எண்ணும் அதிகாரமும்

புள்ளிவிவரக் குறைபாட்டைத் தொழில்நுட்பக் குறையாக மட்டும் காணாமல் வரலாற்றின் விளைவாகக் காண்பது நூலின் மற்றொரு சிறப்பு. 1980களிலும் 1990களிலும் உலக வங்கியும் அனைத்துலக நாணய நிதியமும் பரிந்துரைத்த கட்டமைப்புச் சீரமைப்புத் திட்டங்களின் கீழ் அரசுச் செலவுகள் குறைக்கப்பட்டன. புள்ளிவிவர அலுவலகங்களும் அதற்குத் தப்பவில்லை. அதே காலத்தில் பதிவு பெறாத சிறு வணிகமும் தொழிலும் பெருகின. எண்ணுவதற்குக் கடினமானவை பெருகிய வேளையில் எண்ணுவோரின் தொகை குறைந்தது. பிற்காலத்தில் எண்களின் தரம் குறித்துக் கவலை தெரிவித்த நிறுவனங்களுக்கு அத்தரம் தாழ்ந்ததில் பங்குண்டு என்பதை ஜெர்வன் தயக்கமின்றிச் சுட்டுகிறார்.

எண்ணிக்கை அதிகாரத்தோடு பிணைந்திருப்பதற்கு நைஜீரிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தக்க சான்றாகும். அந்நாட்டில் வருவாய்ப் பங்கீடும் நாடாளுமன்ற இடங்களும் மக்கள்தொகையைப் பொறுத்தவை. எனவே ஒவ்வொரு வட்டாரமும் தன் தொகையைப் பெருக்கிக் காட்ட முனைந்தது. 1962ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு தள்ளுபடி செய்யப்பட்டது. 1963இல் மீண்டும் எண்ணி 5 கோடியே 56 இலட்சம் என்று அறிவித்தபோதும் பூசல் ஓயவில்லை. 1973ஆம் ஆண்டின் முடிவுகளும் கைவிடப்பட்டன. 2006இல் மக்கள்தொகை 14 கோடி என அறிவிக்கப்பட்டது. அடுத்த கணக்கெடுப்பு 2023இல் திட்டமிடப்பட்டு ஒத்திவைக்கப்பட்டது. இத்தகைய சிக்கலைக் கணினிகளை வழங்கித் தீர்க்க இயலாது என்பது வெளிப்படை.

மலாவியின் நிலை வேறு வகையானது. உர மானியத் திட்டத்தின் வெற்றிக்குச் சான்றாக 2006/07இல் 34 இலட்சம் டன் சோளம் விளைந்ததாக வேளாண் அமைச்சு கணித்தது. தேசியப் புள்ளிவிவர அலுவலகத்தின் வேளாண் கணக்கெடுப்போ ஏறத்தாழ 21 இலட்சம் டன் என்றது. ஓர் அரசின் இரு அலுவலகங்களுக்கிடையே 13 இலட்சம் டன் வேறுபாடு! ஒரு திட்டத்தை நடத்தும் அமைச்சே அதன் விளைச்சலையும் அளக்குமாயின் அளவையின் நடுநிலை ஐயத்திற்கு இடமாகும்.

உதவியின் இயல்பு

புள்ளிவிவர உதவிக்கென அனைத்துலக ஏற்பாடுகள் இல்லாமலில்லை. 1999இல் ‘பாரிஸ்21’ என்னும் கூட்டமைப்பு தோன்றியது. 2004இல் மராக்கேஷ் நகரிலும் 2011இல் புசானிலும் செயல்திட்டங்கள் வகுக்கப்பட்டன. ஒவ்வொரு நாடும் தனக்கெனப் புள்ளிவிவர வளர்ச்சித் திட்டம் வரைய வேண்டும் என்பது இவற்றின் மையக் கருத்து. ஆயினும், புத்தாயிரமாண்டு மேம்பாட்டு இலக்குகளை ஒட்டிக் கொடையாளர்கள் முதன்மையாக வேண்டியவை தங்கள் திட்டங்களின் பயனை அளக்கும் குறியீடுகளே. அவற்றிற்கான குடும்பக் கணக்கெடுப்புகளுக்குப் பணம் வந்தது. அன்றாடப் பதிவுகளுக்கும் தேசியக் கணக்குகளுக்கும் போதிய பணம் வரவில்லை. நாட்படி கிடைக்கும் வெளிநாட்டுக் கணக்கெடுப்புகளின் பக்கம் அலுவலர் ஈர்க்கப்பட, அலுவலகத்தின் வழக்கமான பணி பின்தங்கியது. கொடையாளர்கள் எண்களை விலைகொடுத்துப் பெற்றனர். எண்ணும் நிறுவனம் அதனால் வளரவில்லை. ஜெர்வனின் நான்காம் இயலின் சாரம் இதுவே எனக் கொள்ளலாம்.

அண்மை நிகழ்வொன்று இதனை உறுதிப்படுத்துகிறது. மக்கள்தொகை, உடல்நலக் கணக்கெடுப்புத் திட்டம் 1984 முதல் அமெரிக்க அரசின் நிதியில் ஏறத்தாழ 90 நாடுகளில் நடைபெற்று வந்தது. குழந்தை இறப்பு, தாய்மார் நலம் பற்றிய நம்பத்தகுந்த தரவுகளைப் பல நாடுகள் இதன்வழியே பெற்றன. 2025 பிப்ரவரியில் அந்நிதி நிறுத்தப்பட்டது. நடந்துகொண்டிருந்த கணக்கெடுப்புகள் இடையில் தடைப்பட்டன. தரமான எண்களைத் தந்த திட்டமாயினும், வேர் வேறு நாட்டில் இருந்தமையால் அங்கே நீர் நின்றதும் இங்கே செடி வாடியது.

நூலின் குறைகள்

இந்நூல் எதிர்ப்பின்றி ஏற்கப்படவில்லை. தென்னாப்பிரிக்காவின் தலைமைப் புள்ளியியலாளராக 2000 முதல் 2017 வரை பணியாற்றிய பாலி லெஹொஹ்லா இதனைக் கடுமையாகச் சாடினார். 2013இல் ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் ஆப்பிரிக்கப் பொருளாதார ஆணையத்தில் ஜெர்வன் ஆற்றவிருந்த உரை எதிர்ப்பின் காரணமாகக் கைவிடப்பட்டது. ஓர் ஆய்வாளரைப் பேசவிடாமல் தடுத்தது ஏற்கத்தக்கதன்று. எனினும், அவ்வெதிர்ப்பின் உட்பொருளைப் புறந்தள்ளுவதும் முறையாகாது. ஆப்பிரிக்கப் புள்ளியியலாளர்கள் தாமே எடுத்த முயற்சிகளுக்கு இந்நூலில் தனி இயல் இல்லை. 1993இல் ஒப்பந்தம் கண்டு 1996 முதல் பமாக்கோ நகரில் இயங்கிவரும் ‘அஃப்ரிஸ்டாட்’, பெரும்பாலும் பிரெஞ்சு மொழி வழங்கும் நாடுகளின் கூட்டு அமைப்பாகும். ஆப்பிரிக்க ஒன்றியம் 2009இல் ஆப்பிரிக்கப் புள்ளிவிவரச் சாசனத்தை ஏற்றது. நூலாசிரியரின் களமோ பெரும்பாலும் ஆங்கிலேயர் ஆண்ட நாடுகளோடு நின்றுவிடுகிறது. அக்களத்திலிருந்து முழுக் கண்டத்திற்கும் முடிவுரைப்பது பொருத்தமா என்பது ஆய்வுநெறி சார்ந்த வினா.

நோயை விரிவாக ஆராயும் நூல் மருந்தைச் சுருக்கமாகவே கூறுகிறது. உள்நாட்டு அலுவலகங்களுக்கு முதலிடம் தருக என்னும் அறிவுரை சரியானதே. ஆனால் ஓர் ஏழை நாடு அத்தகைய அலுவலகத்தை எவ்வாறு கட்டியெழுப்பியது என்பதற்கான முன்மாதிரியை நூல் போதிய அளவு தேடவில்லை. இந்தியவியல் பயில்வோருக்கு அம்முன்மாதிரி தொலைவில் இல்லை.

இந்தியப் பட்டறிவு

விடுதலை பெற்ற இந்தியா 1949இல் தேசிய வருமானக் குழுவை அமைத்தது. பி.சி. மஹலநோபிஸ் தலைவர், டி.ஆர். காட்கில், காஞ்சிபுரத்தில் பிறந்த வி.கே.ஆர்.வி. ராவ் ஆகியோர் உறுப்பினர். சைமன் குஸ்நெட்ஸ், ரிச்சர்ட் ஸ்டோன் போன்ற வெளிநாட்டு அறிஞர்கள் ஆலோசகராக அழைக்கப்பட்டனர். இங்கு முறைமை கருதத்தக்கது. வினாவை இந்தியர் வகுத்தனர். விடை காணத் துணைபுரியவே வெளிநாட்டார் வந்தனர். 1950இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தொடங்கியது. அதே ஆண்டில் கொல்கத்தாவில் அனைத்துலகப் புள்ளியியல் கல்வி மையம் நிறுவப்பட்டு, ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளின் அலுவலர்களுக்குப் பயிற்சியளித்து வருகிறது. உதவி பெற்ற நாடே உதவும் நாடாகவும் விளங்கியமைக்கு 1931இல் மஹலநோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகம் முன்னரே வேரூன்றியிருந்தது காரணம்.

அதே இந்தியா மற்றொரு பாடத்தையும் தருகிறது. 2017-18ஆம் ஆண்டின் நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின் முடிவுகளைத் தரக்குறைவு காரணமாக வெளியிடுவதில்லை என 2019 நவம்பரில் அமைச்சு அறிவித்தது. அம்முடிவு அறிஞரிடையே பெரும் விவாதத்தை எழுப்பியது. 1881 முதல் பத்தாண்டுக்கொரு முறை தவறாது நடந்துவந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2021இல் நடைபெறாமல் 2027க்குத் தள்ளிப்போயிற்று. எனவே, திறன் மட்டும் போதாது. எண்ணியதை எண்ணியவாறே உரிய காலத்தில் வெளியிடும் சுதந்திரமும் வேண்டும். ஐக்கிய நாட்டுப் பொதுப்பேரவை 2014இல் ஏற்றுக்கொண்ட அரசுப் புள்ளிவிவர அடிப்படைக் கோட்பாடுகளின் உயிர்நாடியும் இதுவே. ஜெர்வனின் நூல் திறனைப் பற்றிப் பேசும் அளவிற்கு இச்சுதந்திரத்தைக் காக்கும் வழிகளைப் பற்றிப் பேசவில்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றால் வளரும் நாடுகளின் புள்ளிவிவர அமைப்பிற்குச் செய்யத்தக்க உதவியின் இயல்பு ஒருவாறு புலனாகிறது. நிலையான பதவிகள், தொடர் பயிற்சி, உரிய காலத்தில் புதுப்பிக்கப்படும் அடிப்படை ஆண்டு, ஆள்வோரின் விருப்பத்திற்கு ஆட்படாத சட்டப் பாதுகாப்பு ஆகியவற்றிற்கு உதவி முதலிடம் தருதல் வேண்டும். கொடையாளரின் அறிக்கைக்குத் தேவையான குறியீடுகள் அவற்றின் பின்னரே இடம்பெறத்தக்கவை. ஜெர்வனின் நூல் இம்முடிவுக்கு முழுவதுமாக நம்மை இட்டுச்செல்லாவிடினும், அதற்கான வாயிலைத் திறந்துவிட்டது என்பதை மறுப்பதற்கில்லை.

நம் மாணவரின் ஆய்வேடுகளில் அனைத்துலக அட்டவணைகள் மேற்கோளாக இடம்பெறுவது பெருகி வருகிறது. ஒரு செய்யுளுக்குச் சுவடியையும் பதிப்பையும் கேட்கும் ஆசிரியர், ஓர் எண்ணிற்கு அதன் அலுவலகத்தையும் அடிப்படை ஆண்டையும் கேட்கலாம். ஜாம்பியாவில் தனித்து அமர்ந்திருந்த அந்த அலுவலரின் உழைப்பிற்கு நாம் செலுத்தும் மரியாதையும் அதுவாகும்.