சாமி கொடுத்த பிள்ளையும் சொல்லப்படாத செய்தியும்

பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' (2010) பற்றி எழுந்த வாதங்கள் பெண்ணின் கற்பு, ஊரின் மானம், எழுத்தாளனின் சுதந்திரம் என்பவற்றையே சுற்றி நிகழ்ந்தன. 2016 இல் சென்னை உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் எழுதும் உரிமையைக் காத்தது. பிறக்கவிருக்கும் பிள்ளை அவ்வாதங்களிற் பெரும்பாலும் இடம்பெறவில்லை.

பிள்ளைப்பேறற்ற பொன்னா, கணவன் காளி இசைந்துவிட்டான் என்ற பொய்யை நம்பித் திருச்செங்கோட்டுத் தேர்த்திருவிழாவின் பதினான்காம் நாளிரவு செல்கிறாள். அவ்விரவில் வரும் ஆடவர் யாவரும் தெய்வங்கள். பிறப்பது சாமி கொடுத்த பிள்ளை. இத்தொடர் கூர்ந்து நோக்கத்தக்கது. அது பிறப்பின் இழிவை நீக்குகிறது. ஆனால் தந்தையின் முகத்தை அழித்தே நீக்குகிறது. விந்துக் கொடையாளரைப் பெயரற்றவராக வைத்திருந்த மருத்துவமனைகள் இதனையே தெய்வத்தின் துணையின்றிச் செய்தன. சுவீடன் 1985 இலும் பிரித்தானியா 2005 இலும் இந்நிலையைச் சட்டத்தால் மாற்றின. அதன்பின் வழங்கப்பட்ட கொடையாற் பிறந்தோர் கொடையாளரை அறியும் உரிமை பெற்றனர். எனினும் பெற்றோர் வாய் திறவாவிடின், தனக்கு அவ்வுரிமை உண்டென்பதையே பிள்ளை அறியமாட்டாது.

'ஆலவாயன்', 'அர்த்தநாரி' (2014) இரண்டும் கதையை இருவேறு வழிகளில் தொடர்கின்றன. ஒன்றிற் காளி இறக்கிறான், மற்றதில் வாழ்கிறான். இரண்டிலும் பொன்னா கருவுற்றிருக்கிறாள். ஆசிரியரின் பரிவு கணவன் மனைவியரின் வேதனையிலேயே தங்கிவிடுவதைக் குறையென்றே கருதுகிறேன். ஊரறிந்த செய்தியைப் பிள்ளை ஊரார் வாயிலிருந்து வசையாகக் கேட்க நேரலாம். காளி உயிரோடிருக்கும் கதையில் இது இன்னுங் கொடியது: முந்திச் சொல்லவேண்டியவன், அப்பா என்றழைக்கப்படப்போகும் அவனே.