பார்பியானா மாணவர் மடல்

கத்தோலிக்கப் பள்ளி என்றதும் உயர்ந்த மதிலும் சீருடையுமே பலர் நினைவுக்கு வரும். இத்தாலியின் டஸ்கனி மலைப்பகுதியில், பார்பியானா என்னும் சிற்றூரில், பாதிரியார் லோரென்ஸோ மிலானி நடத்திய பள்ளியில் இவை இல்லை. 1954இல் திருச்சபை அவரை அங்கு அனுப்பியது. தண்டனை போன்ற இடமாற்றம் அது. குடியானவர் பிள்ளைகளுக்கு விடுமுறையின்றி வகுப்பு நடந்தது. மூத்தவர் இளையவர்க்குக் கற்பித்தனர்.

அம்மாணவர் எண்மர் கூடி எழுதி, 1967இல் வெளிவந்த நூலே 'ஓர் ஆசிரியைக்கு மடல்'. 14 வயது வரை கல்வி கட்டாயம் எனச் சட்டம் கூற, ஏழைப் பிள்ளைகளைத் தேர்வில் வீழ்த்தி வெளியேற்றும் அரசுப் பள்ளியை அது கூண்டிலேற்றுகிறது. வெறும் புலம்பலாயிருப்பின் அம்மடல் அன்றே மறக்கப்பட்டிருக்கும். எத்தொழிலோர் பிள்ளைகள் எந்த வகுப்பில் உதிர்ந்தனர் என்பதைச் சிறுவர்களே கணக்கிட்டுக் காட்டுகின்றனர். கருத்துகளைத் தனித்தனித் தாள்களில் எழுதி, வரிசைப்படுத்தி, வேண்டாத சொற்களை அனைவரும் கூடிக் களைந்த நடை அது. எண்மர் எழுதியும் குரல் ஒன்றே. இக்காலக் கூட்டு முயற்சிகள் பலவற்றில் காணக் கிடைக்காத ஒன்று!

குறையும் உண்டு. விளிக்கப்படும் ஆசிரியை குற்றவாளியாகவே நிற்கிறார். அவர்தம் இடர்ப்பாடுகளுக்கு நூலில் செவியில்லை. ஊர்ப் பெண்பிள்ளைகள் அங்குப் படிக்க வராமை சில வரிகளில் முடிந்துவிடுகிறது. ஏழைக்கு நீதி கேட்கும் நூலில் இது சிறு குறையன்று. ஓய்வே அறியாத அக்கண்டிப்பு, மிலானி போன்ற ஒருவர் இல்லாத பள்ளிக்குப் பொருந்துமா என்பதும் ஐயமே.

நூல் வெளிவந்த அடுத்த மாதமே மிலானி 44ஆம் வயதில் மறைந்தார். அவரை ஒதுக்கி வைத்த திருச்சபையின் தலைவர், போப் பிரான்சிஸ், 2017இல் பார்பியானா சென்று அவர் கல்லறையில் வேண்டினார்.