ட்ரெக்: இழுவையா, ஏற்றமா?

2018 மார்ச் 11 குரங்கணிக் காட்டுத்தீ பற்றிய பழைய செய்திகளை மறுபடி எடுத்துப் படித்தேன். திரும்பத் திரும்ப வரும் தொடர், ‘மலையேற்றப் பயிற்சிக்குச் சென்றவர்கள்’. ‘ட்ரெக்’ என்ற ஆங்கில வினைக்கு நாம் பிடித்து வைத்திருக்கும் தமிழ் இதுதான். இதில் ரெண்டு வார்த்தையுமே எனக்கு உறுத்துது.

ட்ரெக் பிறவி ஆங்கிலச் சொல் கிடையாது. டச்சு மொழியில் ‘ட்ரெக்கன்’ என்றால் இழுப்பது, பயணம் போவதும்தான். தென்னாப்பிரிக்காவில் போயர்கள் மாட்டுவண்டிகளில் மூட்டைமுடிச்சோடு உள்நாட்டுக்குப் பெயர்ந்தார்களே, 1830களின் அந்தப் பெரும் பெயர்வுக்கே ‘கிரேட் ட்ரெக்’ என்றுதான் பெயர். ஆங்கிலம் அங்கேதான் இதை வாங்கிக்கொண்டது. பிறகு மாடு போச்சு, வண்டி போச்சு; கஷ்டப்பட்டு நெடுந்தூரம் நடப்பது மட்டும் மிஞ்சியது. (டிராக்டரும் இழுக்கத்தானே செய்யுது, பங்காளியா இருக்குமோ என்று நினைத்தேன். அது லத்தீன் வழி வந்தது. ஒலியை வைத்து உறவு கொண்டாடக் கூடாது.)

வேடிக்கை என்னவென்றால், குரங்கணிக்கு மேலேயே அசல் ட்ரெக் நடந்திருக்கிறது. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு 1902இல் போட்ட ஒற்றைத் தண்டவாளத்தில் பெட்டிகளை இழுத்தது மாடுகள். டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடி அடிவாரத்துக்குத் தேயிலை ரோப்வேயில் இறங்கியது. 1908இல் சின்ன ரயில் பாதையாக மாறியது. 1924 வெள்ளம் அதையும் அடித்துக்கொண்டு போனது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தீ சூழ்ந்தபோது அவர்கள் கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். செய்தியில் ‘ஏற்றம்’. அதையாவது மன்னிக்கலாம், ‘பயிற்சி’யை முடியாது. பயிற்சி என்றதும் ஒரு ஆசான், ஒரு ஒழுங்கு, பொறுப்பாளி ஒருவர் என்று மனசு தானாகவே நிரப்பிக்கொள்கிறது. வார இறுதியில் நடக்கப் போனவர்கள் அவர்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காய்ந்த புல் நிற்கும் மார்ச் மாதத்தில் அந்தச் சரிவில் யார் விட்டது என்பதுதான் முதல் கேள்வியாக இருந்திருக்க வேண்டும். ‘பயிற்சி’ அதை மழுக்கிவிட்டது என்பது என் கட்சி.

‘மலைநடை’ போதுமே? நடந்து போவதை ‘நடையா போறது’ என்று நாம் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறோம். அதில் ஏற்றமும் உண்டு, இறக்கமும் உண்டு.

தீக்குப் பிறகு அரசு விதிமுறைகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு ‘ட்ரெக் தமிழ்நாடு’ வந்தது. அனுமதியும் உண்டு, உள்ளூர் வழிகாட்டிகளும் உண்டு. தமிழில் அது ‘மலையேற்றத் திட்டம்’. ஏற்றம் இன்னும் இறங்கவில்லை. பயிற்சியையாவது விட்டார்களே.